கரையிலிருந்து ஈயம் வீச கன்வென்ஷனல் ரீல்: வாங்குமுன் எதைப் பார்ப்பது?

கரைக்காற்று
வணக்கம். கடற்கரையில் நின்று தூண்டில் வீசி மீன் பிடிக்கிறேன். 13 அடி ராடு (தூண்டில் கழி), 100 முதல் 170 கிராம் வரை வீசலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. இரையோடு 125–150 கிராம் ஈயம் போடுவதுதான் வழக்கம். இதுவரை ஸ்பின்னிங் ரீல். இப்போது ஸ்பூல் (தூண்டில் நரம்பு சுற்றிய உருளை) சுழலும் கன்வென்ஷனல் ரீலுக்கு மாற வேண்டும். இடம் பெரும்பாலும் மணல் கரை, சில சமயம் பாறை. மூன்று கேள்விகள்: என்ன அளவு எடுக்கலாம், நரம்பைத் தானாகப் பரப்பும் லெவல்வைண்ட் வேண்டுமா, ஸ்பூலின் ஓட்டத்தை அடக்கும் பிரேக் எந்த வகை? பெரிய ஸ்பூல் என்றால் தூரம் கூடும் என்று பலரும் சொல்கிறார்கள். அது சரியா?

ஈயக்குண்டு
கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அங்கேதான் பலர் தவறான ரீலை வாங்கிவிடுகிறார்கள். பெரிய ஸ்பூல் தூரத்தைக் கூட்டாது, பெரும்பாலும் குறைக்கும். ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் அசையாமல் நிற்கும், நரம்பு மட்டும் உருவிக்கொண்டு போகும். இதில் ஈயம்தான் முழு ஸ்பூலையும் சுற்ற வைக்க வேண்டும். ஸ்பூலும் அதன் மேலுள்ள நரம்பும் எவ்வளவு எடையோ அவ்வளவுக்கு ஈயத்தின் வேகம் செலவாகும். அதைவிட முக்கியம், கனமான ஸ்பூல் ஒருமுறை வேகம் பிடித்தால் எளிதில் அடங்காது. ஈயம் காற்றில் வேகம் குறைந்துகொண்டே போகும். ஸ்பூல் அதே வேகத்தில் நரம்பைத் தள்ளும். வெளியே போக வழியில்லாத நரம்பு ஸ்பூல் மேலேயே வளையம் வளையமாக எழும்பிச் சிக்கிவிடும்.

கணக்குப் போட்டால் தெரியும். நரம்பு நிறைந்த நிலையில் ஸ்பூலின் விட்டம் 42 மி.மீ. என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு 13 செ.மீ. சொச்சம் நரம்பு போகும். ஈயம் வினாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் ஸ்பூல் வினாடிக்கு 300 சுற்று, நிமிடத்துக்கு 18,000 சுற்று ஓட வேண்டும். நின்ற நிலையிலிருந்து கண் இமைக்கும் நேரத்துக்குள் அந்த வேகத்தை எட்டும் பொருள் கனமாக இருக்கலாமா?

எனவே அளவை இப்படி முடிவு செய்யுங்கள். வீச்சு 120 மீட்டர், மீன் இழுத்து ஓட இன்னொரு 80–100 மீட்டர். மொத்தம் 200 மீட்டருக்குச் சற்று மேல் 0.35 மி.மீ. நரம்பு கொண்டால் போதும். ஆபு ஆம்பாசடர் 6500 வகுப்பு கிட்டத்தட்ட அந்த அளவுதான். 110 முதல் 150 கிராம் வரையிலான ஈயத்துக்கு அதுவே பொருத்தம். 0.40 மி.மீ.க்கு மேல் நரம்பு, 170–200 கிராம் ஈயம், சுறா, திருக்கை போன்ற பெரிய மீன் என்றால்தான் அடுத்த அளவுக்குப் போக வேண்டும். பென், டைவா ரீல்களில் 15, 20, 30 என்று எண்ணிட்டு வரும் அளவுகள் அவை. ஆனால் அந்த எண் கம்பெனிக்குக் கம்பெனி ஒரே பொருளில் வராது. எண்ணை விட்டுவிட்டு, எந்த நரம்பு எத்தனை மீட்டர் என்று பக்கத் தட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

பாறைமுனை
அளவு பற்றி அண்ணன் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பாறையும் உண்டு என்று கேட்டிருக்கிறார், அதற்கு ஒன்று சேர்க்க வேண்டும். பாறையில் ஈயம் சிக்காமல் மேலே தூக்கி எடுக்கச் சுற்றும் வேகம் தேவை. கியர் விகிதத்தை (ஒரு கைச்சுற்றுக்கு ஸ்பூல் எத்தனை முறை சுற்றும் என்பதை) மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு கைச்சுற்றுக்கு எத்தனை செ.மீ. நரம்பு ஏறுகிறது என்பதுதான் கணக்கு. 42 மி.மீ. விட்டமும் 5.3 விகிதமும் இருந்தால் 70 செ.மீ. ஆனால் 120 மீட்டர் வெளியே போன பிறகு 45 மி.மீ. அகல ஸ்பூலில் விட்டம் சுமார் 37 மி.மீ.க்கு இறங்கிவிடும், அப்போது 61 செ.மீ.தான் ஏறும். ஈயம் அடியில் கிடக்கும்போது, அதாவது வேகம் அவசியப்படும் அந்த நேரத்தில், ரீல் மிக மெதுவாகச் சுற்றும். 52 மி.மீ. விட்டமும் 6.1 விகிதமும் உள்ள ரீல் நிறைந்த நிலையில் ஒரு சுற்றுக்கு ஒரு மீட்டர் இழுக்கும்.

அதனால் பாறைதான் முக்கிய இடம் என்றால், சற்றுப் பெரிய, வேகமான ரீலைத்தான் சொல்வேன். மணல் என்றால் 6500 வகுப்பு.

நாலாம் அலை
பிரேக் பற்றி. தூரம் எல்லாம் பிறகு, ரீல் தேர்வில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். கையில் அடங்குகிற பிரேக் இல்லாத ரீல் எவ்வளவு நல்ல தயாரிப்பானாலும் புதிதாக மாறுகிறவருக்கு உதவாது.

இரண்டு வகை உண்டு. முதலாவது மையவிலக்குப் பிரேக். ஸ்பூல் தண்டில் செருகிய சிறு கட்டைகள் சுழற்சியில் வெளியே தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உரசும். அந்த விசை சுற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். உச்ச வேகத்தில் பலமாகப் பிடிக்கும், வேகம் பாதியானால் பிடி கால் பங்காகிவிடும். இரண்டாவது காந்தப் பிரேக். அலுமினிய ஸ்பூலுக்குப் பக்கத்தில் காந்தம் இருக்கும். சுழலும் உலோகத்தில் எழும் சுழல் மின்னோட்டமே அதை எதிர்க்கும். அந்த எதிர்ப்பு வேகத்துக்கு நேர் விகிதத்தில் போகும், வேகம் பாதியானால் பிடியும் பாதி மிச்சமிருக்கும். ஆகவே கிளம்பும் நேரத்து வெடிப்பை அடக்க மையவிலக்கு கெட்டிக்காரன், நடு வீச்சிலும் கடைசியிலும் துணை நிற்பது காந்தம்.

புதியவருக்கு என் தேர்வு, வெளியே குமிழோ நகர்த்தியோ உள்ள காந்தப் பிரேக். காற்று திரும்பினால் தட்டைத் திறக்காமல் அங்கேயே இரண்டு புள்ளி கூட்டலாம். ஆம்பாசடர் 6500 வரிசையில் மேக் என்று பெயர் வருபவை அப்படிப்பட்டவை. மையவிலக்கு ரீல் என்றால் கட்டை மாற்ற ஒவ்வொரு முறையும் பக்கத் தட்டைக் கழற்ற வேண்டும். மணல் கரையில் அதைச் செய்வது ஆபத்து. ஒரு மணல் துகள் பேரிங்கில் போனாலும் கரகரவென்று சத்தம் வரும். கட்டையை வீட்டில் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

ஸ்பூல் பிளாஸ்டிக் என்றால் காந்தம் வேலை செய்யாது, உலோகம் வேண்டும். தவிர, நைலான் நரம்பு இழுபட்ட நிலையில் அடுக்கடுக்காகச் சுற்றப்பட்டால் அது சுருங்கப் பார்க்கும். அந்த அழுத்தத்தில் பழைய பிளாஸ்டிக் ஸ்பூல்கள் ஓரம் பிளந்துபோவதுண்டு. பழைய ரீல் வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் ஸ்பூலைப் பாருங்கள்.

கரைக்காற்று
மிக்க நன்றி அண்ணா. கடைகளில் ஸ்பூலைச் சுண்டிவிட்டு, "எவ்வளவு நேரம் ஓடுது பாருங்க" என்று காட்டுகிறார்கள். ஒரு ரீல் 40 வினாடி ஓடியது. அதுதான் நல்லதா?

நாலாம் அலை
அந்த 40 வினாடி, பேரிங்கில் எண்ணெய் இல்லை என்றுதான் சொல்கிறது. வேறொன்றும் இல்லை. அந்த நிலையில் எடுத்து வீசினால் முதல் வீச்சிலேயே சிக்கு. பேரிங்கில் போடும் எண்ணெயே ஒரு பிரேக்தான். கெட்டியான எண்ணெய் ஸ்பூலை அடக்கும், நீர்த்த எண்ணெய் விடுதலை செய்யும். அதைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம், ரீலின் தரம் அதில் இல்லை.

கடையில் பார்க்க வேண்டியவை வேறு. ஸ்பூலைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் கால் மி.மீ. அளவுக்குள் இருக்கலாம். தண்டுக்குக் குறுக்கே ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்தது. ஸ்பூல் ஓரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் எவ்வளவு தெரிகிறது என்று பிடித்துப் பாருங்கள்; அந்த இடைவெளியில்தான் மெல்லிய நரம்பு நுழைந்து தண்டைச் சுற்றும். சட்டத்தை இரு கைகளாலும் மெல்ல முறுக்கிப் பாருங்கள். வளைந்தால், பெரிய மீன் இழுக்கும்போது கியர் பற்கள் விலகி நழுவும். ஒரே துண்டாகக் கடைந்த அலுமினியச் சட்டத்துக்கு இந்தக் கவலை இல்லை.

ஈயக்குண்டு
இன்னும் இரண்டு. ஸ்பூலை விடுவிக்கும் பொத்தானை அழுத்தி, கைப்பிடியைத் திருப்பாமல் இருபது முறை சோதியுங்கள்; பொத்தான் தானாக மேலே வருகிறதா என்று. நடு வீச்சில் கியர் தானாகப் பூட்டிக்கொண்டால் நரம்பு அறுந்து 150 கிராம் ஈயம் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அடுத்தது, ஓட்டம் அறிவிக்கும் கிளிக்கர். இரை போட்டுக் காத்திருக்கிறவருக்கு அது அவசியம், ஏனென்றால் ராடைக் கம்பத்தில் சாய்த்துவிட்டுக் கியரை விடுவித்து வைத்திருப்பீர்கள். ஆனால் வீசும்போது கிளிக்கர் அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் நாக்கு தேய்ந்துபோகும்.

டிராக், அதாவது மீன் பலமாக இழுத்தால் நரம்பு அறாமல் விட்டுக்கொடுக்கும் அமைப்பு? நட்சத்திரச் சக்கரத்தால் இறுக்கும் ஸ்டார் டிராக் போதும். நெம்புகோலால் இறுக்கும் லீவர் டிராக் ரீல்கள் படகுக்காகவே பெரும்பாலும் வடிவமைக்கப்பட்டவை. அவெட் எம்சி போல வீச்சுக்கென்றே காந்தம் வைத்த லீவர் ரீல் விதிவிலக்கு. டிராக் இறுக்கத்தை நரம்பின் வலிமையில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வைக்கலாம். சின்னத் தராசைக் கொக்கியில் மாட்டி இழுத்து அளந்தால் மனம் நிம்மதி.

பாறைமுனை
லெவல்வைண்ட் கேள்விக்கு யாரும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. சொல்கிறேன்: வேண்டாம். வீசும்போது அந்த வழிகாட்டி அங்குமிங்கும் ஓடுகிற ரீல் என்றால் ஸ்பூலோடு சேர்ந்து பற்சக்கரமும் புழுத்தண்டும் சுழல வேண்டும், தூரம் குறையும். அது நிற்கிற ரீல் என்றால் நரம்பு ஓரத்திலிருந்து கோணலாகப் போய் உரசும். லீடர் (நரம்பின் முனையில் கட்டும் தடித்த நரம்பு) முடிச்சு அந்தச் சிறிய துளைக்குள் ஒவ்வொரு வீச்சிலும் தட்டும். உப்பும் மணலும் முதலில் போய் உட்காருவதும் அந்தப் புழுத்தண்டில்தான். ஆம்பாசடர் 6500 வரிசையில் சி.டி. என்று முடிபவற்றில் லெவல்வைண்ட் கிடையாது, அதுதான் வீச்சாளர்கள் நாடுவது.

ஈயக்குண்டு
இதில் எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து. லெவல்வைண்ட் இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றலிலும் கட்டைவிரலால் நரம்பை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் பரப்ப வேண்டும். இருட்டில், மீன் இழுத்துக்கொண்டிருக்கும்போது அதை மறந்தால் நடுவில் மேடு கட்டும். மேடு சட்டத்தில் இடித்தால் சுற்றவே முடியாது, அடுத்த வீச்சில் மேடு சரிந்தால் சிக்கு உறுதி. முதல் சில மாதம் லெவல்வைண்ட் உள்ள ரீலில் பழகினால் தவறில்லை. தூரத்தில் இழப்பதைச் சிக்கில்லாமல் திரும்பப் பெறலாம்.

நாலாம் அலை
இருவர் சொல்வதும் சரி. ஆனால் பழக வேண்டிய வேலையைத் தள்ளிப்போடுவது ஏன் என்றுதான் கேட்பேன். விரல் பரப்பல் பத்து மணி நேரத்தில் வந்துவிடும். ராடின் மேல் இடக்கையைப் பிடித்து, கட்டைவிரல் நுனியைச் சட்டத்தின் முன்கம்பியில் வைத்து, நரம்பை விரல் ஓரத்தோடு நகர்த்துங்கள். மூன்று சுற்றுக்கு ஒரு ஓரம் என்று போனால் போதும், நெருக்கமாகப் பரப்ப வேண்டாம். சற்றுக் குறுக்காக விழும் நரம்பு அடியில் புதையாது.

கரைக்காற்று
நரம்பு எது? பிரெய்ட் (பின்னல் நூல்) 0.18 மி.மீ. ஏற்கெனவே இருக்கிறது. அதையே சுற்றலாமா?

பாறைமுனை
சுற்ற வேண்டாம். மூன்று காரணம். 0.18 மி.மீ. நூல் ஸ்பூல் ஓரத்து இடைவெளியில் நுழையும். வீச்சின் நொடியில் கட்டைவிரலில் ஓடினால் தோலை அறுத்துவிடும். சிறிய சிக்கு விழுந்தாலும் பிரெய்ட் கம்பளி நூல் போல இறுகும். நைலான் வழவழப்பானது, எழும்பிய வளையத்தைத் திரும்பப் படிய வைக்கலாம். பழகும் காலத்தில் 0.35 மி.மீ. நைலான்தான். சுமார் 15 பவுண்டு வலிமை.

பிறகு பிரெய்ட் வேண்டுமென்றால் அடியில் இருபது முப்பது மீட்டர் நைலான் சுற்றி, அதன் மேல் கொஞ்சம் தடித்த பிரெய்ட் போடுங்கள். வெறும் ஸ்பூலில் பிரெய்ட் கட்டினால் முழுச் சுற்றும் சேர்ந்து ஸ்பூலில் வழுக்கும். டிராக் நழுவுகிறது என்று ரீலைப் பழிப்பவர்கள் பலர், உண்மையில் நூல்தான் வழுக்குகிறது.

ஈயக்குண்டு
லீடர் இல்லாமல் வீசாதீர்கள், அது உயிர் சம்பந்தப்பட்டது. ஒரு அவுன்ஸ் ஈயத்துக்கு 10 பவுண்டு என்பது வழக்கமான கணக்கு. 150 கிராம் என்றால் 5.3 அவுன்ஸ், எனவே 53 பவுண்டு. 60 பவுண்டு போடுங்கள். நீளம், ராடின் இரு மடங்கு. 13 அடி ராடுக்கு சுமார் 8 மீட்டர், அதில் ஸ்பூல் மேல் ஆறிலிருந்து எட்டுச் சுற்று கட்டாயம் இருக்க வேண்டும். முடிச்சு, ஸ்பூலின் எந்த ஓரத்தில் கட்டைவிரல் படாதோ அந்த ஓரத்தில் விழட்டும். நடுவில் விழுந்தால் ஸ்பூலைப் பிடித்திருக்கும் விரலின் கீழ் அது ஓடும்போது தோல் கிழியும்.

விரல் வழுக்கினாலும் வீச்சு போய்விடும். சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சட்டத்தின் பின்கம்பியில் கட்டி, அதை ஸ்பூல் மேல் அழுத்தி வீசுங்கள். நனைந்த நைலானை வெறும் விரல் தாங்காது.

நரம்பை ஸ்பூலின் விளிம்பிலிருந்து 2–3 மி.மீ. கீழே நிறுத்துங்கள். விளிம்பு வரை நிறைத்தால் தூரம் சற்றுக் கூடும் என்பது உண்மை, ஆனால் கட்டுப்படுத்துவது கடினம்.

கரைக்காற்று
முதல் நாள் எப்படி அமைத்து வீசுவது என்று வரிசையாகச் சொல்ல முடியுமா?

நாலாம் அலை
சொல்கிறேன். ஆள் நடமாட்டமில்லாத திறந்த கரை. முன்னும் பின்னும் யாரும் கூடாது.

ஸ்பூலின் பக்க ஆட்டத்தைச் சரிசெய்யும் குமிழை (காந்தக் குமிழ் அல்ல) முழுதும் இறுக்கி, பிறகு மெல்லத் தளர்த்துங்கள். ஸ்பூலை விரலால் அசைத்தால் லேசாக ஒரு ‘டிக்’ கேட்கும் வரை. அந்தக் குமிழை பிரேக் போலப் பயன்படுத்தாதீர்கள். இறுக்கினால் பேரிங்கின் பக்கவாட்டில் அழுத்தம் விழும், தூரம் போகும், பேரிங் தேயும்.

காந்தத்தை முழுதாக வையுங்கள். மையவிலக்கு என்றால் இரண்டு பெரிய கட்டைகள். பழைய மாடல்களில் கட்டை செருகும் இரண்டு முளைகள் எதிரெதிரே இருக்கும், புதியவற்றில் ஆறு முளைகள் உள்ளவையும் உண்டு. ஒரே பக்கம் கட்டை போட்டுவிட வேண்டாம், ஸ்பூல் அதிரும். பேரிங் ஒன்றுக்கு ஒரு சொட்டு எண்ணெய்.

140–150 கிராம் ஈயத்தோடு இரையில்லாமல், பாதி பலத்தில், தலைக்கு மேலாக வீசுங்கள். அடித்து வீச வேண்டாம். ராடு வளைய நேரம் கொடுத்துத் தள்ளி, கடைசியில்தான் விரைவு. சிக்கில்லாமல் ஐந்து வீச்சு விழுந்தால் காந்தத்தை ஒரு புள்ளி குறையுங்கள். இன்னொரு ஐந்து. எந்த இடத்தில் ஸ்பூல் மேல் நரம்பு லேசாகப் பஞ்சு போல உப்பத் தொடங்குகிறதோ, அங்கிருந்து ஒரு புள்ளி திரும்ப ஏற்றுங்கள். அதுதான் உங்கள் வீச்சுக்குரிய இடம். எதிர்க்காற்றில் இன்னும் ஒரு புள்ளி கூடுதல். இரை மாட்டியதும் அப்படியே கூடுதல், ஏனென்றால் இரை காற்றில் இழுத்து ஈயத்தை விரைவில் அடக்கிவிடும், ஸ்பூலுக்கு அது தெரியாது.

பாறைமுனை
சிக்கு எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு மருந்து. ஈயம் பத்து மீட்டர் போவதற்குள் ‘பட்’ என்று விழுந்தால் வீச்சை வெட்டி இழுத்திருக்கிறீர்கள், பிரேக்கைத் தொடாதீர்கள், கையை மாற்றுங்கள். நடுவில் உப்பினால் பிரேக் போதவில்லை, அல்லது பேரிங் உலர்ந்திருக்கிறது. ஈயம் தண்ணீரில் விழுந்த பிறகு சிக்கினால் கட்டைவிரலைத் தாமதமாக வைத்தீர்கள். கண்ணால் ஈயத்தைத் தொடருங்கள், தண்ணீரைத் தொடுமுன்பே விரல் ஸ்பூலைத் தொட்டு நிறுத்தட்டும்.

மெல்லிய சிக்கென்றால் கத்தரிக்கோல் வேண்டாம். டிராக்கை இறுக்கி, கட்டைவிரலால் ஸ்பூலைப் பலமாக அழுத்தியபடி கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று திருப்புங்கள். பிறகு விடுவித்து நரம்பை மெல்ல இழுங்கள். பெரும்பாலான வளையம் தட்டையாகி அவிழும். மடிந்து வெள்ளைக் கோடு விழுந்த நைலானை மட்டும் வெட்டிவிடுங்கள், அந்த இடம் அடுத்த வீச்சில் அறும்.

கரைக்காற்று
ராடின் வளையங்கள் ஸ்பின்னிங்குக்கு உரியவை, கீழே தொங்குகின்றன. மாற்ற வேண்டுமா?

ஈயக்குண்டு
ரீல் மேலே உட்காரும், வளையங்களும் மேலே இருக்க வேண்டும். ராடைத் திருப்பிப் பிடித்தால் மேலே வந்துவிடும். ஆனால் ஸ்பின்னிங் ராடின் முதல் வளையம் பெரிது, எண்ணிக்கை குறைவு. வீச்சில் அது பெரிய தடையில்லை. பிரச்சினை சுற்றும்போது. ராடு வளையும்போது நரம்பு ராடின் மேல் படிந்து தண்டைத் தேய்க்கும், உரசும் இடத்தில் நரம்பு பழுதாகும். சோதித்துப் பாருங்கள்: நுனியில் 2 கிலோ எடை தொங்கவிட்டு, நரம்பு எந்த இடத்தில் ராடைத் தொடுகிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் ஒரு வளையம் கூட்டினால் போதும், முழுதாக மாற்ற வேண்டியதில்லை.

ரீல் இருக்கை ராடின் அடிமுனையிலிருந்து 70–75 செ.மீ. உயரத்தில் இருந்தால் வலக்கைக் கட்டைவிரல் ஸ்பூலில், இடக்கை அடியில். அப்படியே தொடங்குங்கள்.

நாலாம் அலை
கழுவும் முறையும் ஒன்று. டிராக்கை இறுக்கி, குழாயை மெல்லிய தூறலாக வைத்து நனையுங்கள், பாய்ச்சினால் உப்புதான் உள்ளே போகும். துடைத்த பிறகு டிராக்கைத் தளர்த்தி வையுங்கள், இல்லையென்றால் வாஷர் தட்டையாகி ஒட்டும். அலுமினியச் சட்டத்தில் எவர்சில்வர் திருகு நேரடியாகப் படும் இடத்தில் உப்பு சேர்ந்தால் அரிப்பு பிடித்துத் திருகு சிக்கிக்கொள்ளும். புது ரீலிலேயே ஒருமுறை கழற்றி, திருகு நூலில் கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். ஸ்பூல் பேரிங்கில் மட்டும் கிரீஸ் ஒருபோதும் வேண்டாம்.

கரைக்காற்று
புரிந்தது. 6500 வகுப்பு, காந்தக் குமிழ் வெளியே, லெவல்வைண்ட் இல்லாதது, 0.35 நைலான், 60 பவுண்டு லீடர். பாறை நாட்களுக்கு மட்டும் இன்னொரு ரீல் பிறகு. வாங்குமுன் ஸ்பூலின் ஓர இடைவெளியையும் சட்ட முறுக்கையும் பார்த்துக்கொள்கிறேன்.

பாறைமுனை
கைப்பிடி எந்தப் பக்கம் என்றும் பாருங்கள். பெரும்பாலானவை வலக்கைச் சுற்று. இடக்கையால் சுற்றிப் பழகியவர் என்றால் தேர்வு வெகுவாகக் குறையும். அதைக் கேட்காமல் மாடல் முடிவு செய்ய வேண்டாம்.